பொறியியல் என்றால் என்ன? கேள்வி பதில்

சுன்னாகத்திலிருந்து ஒரு தங்கச்சி: பொறி எண்டால் இயந்திரம்தானே. அப்ப பொறியியல் எண்டால் மெசின் வேலையோ?

அது ஒரு கிளை மட்டும்தான். கட்டடம், மின், கணினி எல்லாம் பொறியியலுக்குள் வரும். ஒன்றைச் செய்ய முதலே அது எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே முறியும், என்ன செலவாகும் என்று கணக்குப் பார்த்து அளவைத் தீர்மானிப்பதுதான் அந்தப் படிப்பு.

அதே தங்கச்சி: தொழில்நுட்பப் பிரிவில படிச்சாலும் போகலாமோ?

பொறியியல் பீடத்துக்கு உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். தொழில்நுட்பப் பிரிவுக்குப் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் தனியாக உண்டு. யாழ். பல்கலைக்கழகத்தின் இந்த இரண்டு பீடங்களும் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான்.

குருநகரிலிருந்து ஒரு ஐயா: கடற்கரை வீடு. பிளாற்றின் (கொங்கிறீற் கூரைத்தட்டின்) அடியில சீமெந்து கழண்டு கம்பி தெரியுது. கம்பி மெல்லிசோ?

கம்பியின் தடிப்பில் பிழை இருக்காது, ஐயா. உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அதுதான் கொங்கிறீற்றை வெடிக்க வைக்கிறது. சவர்த்தண்ணியில் குழைத்தாலோ கழுவாத கடல்மணல் போட்டாலோ உப்பை நாங்களே உள்ளே வைத்தது போலாகும். 50 கிலோ சீமெந்துப் பைக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 25 லீற்றர் தண்ணீர் போதும். இலகுவாக ஓடட்டும் என்று மேசன் இன்னொரு வாளி ஊற்றினால், அந்தத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் நுண்துளை. உப்புக் காற்றுக்கு அதுவே வாசல். புதிதாக ஊற்றும்போது கம்பிக்குக் கீழே 40 மில்லிமீற்றர் கொங்கிறீற் மூடல் விடுங்கள். அதற்குச் சீமெந்துச் சாந்தில் வார்த்த கட்டைகளை வையுங்கள். அந்த இடத்தில் சுண்ணாம்புக்கல் துண்டு வைக்க வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சும். ஊற்றிய பிறகு குறைந்தது 7 நாள் நனைக்க வேண்டும். இப்போதுள்ளதற்கு மேலே பூசி மறைக்க வேண்டாம். உள்ளே துரு தொடர்ந்து ஏறும். ஒரு கட்டடப் பொறியியலாளரைக் கூப்பிட்டு, கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வேலணையிலிருந்து ஒரு அக்கா: கிணத்தை இன்னும் பத்தடி தோண்டினால் தண்ணி கூடுமோ?

தோண்ட வேண்டாம், அக்கா. எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் என்பது கணக்கு. மட்டம் அரையடி இறங்கினாலே அதில் 20 அடி போய்விடும். ஆழமாக்கினால் உப்புக்குக் கிட்டப் போவீர்கள். பெரிய மோட்டர் அதை மேலே இழுத்துவிடும். சிறிய மோட்டரைப் போட்டு, காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். உறிஞ்சு குழாயின் நுனி கிணற்றடியில் முட்டாமல் உயரத்தில் நிற்கட்டும்.