அம்மாவின் பாஸ்போர்ட் யார் அலமாரியில் இருந்தது?

கேள்வி: நான் கணவருடன் அமெரிக்காவில் இருக்கிறேன். முதல் பிரசவத்துக்கு அம்மா டூரிஸ்ட் விசாவில் வந்தார். ஆறு மாதம் தங்க அனுமதி கொடுத்தார்கள். விசாவில் பத்து வருடம் என்று இருந்ததால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, அதனால் அவருடைய டிக்கெட்டை இரண்டு முறை தள்ளிப்போட்டோம். கெடு முடிந்து ஏழு மாதம் கழித்துத்தான் ஊருக்குப் போனார். அவருக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது, பாஸ்போர்ட்கூட என் அலமாரியில்தான் இருந்தது. அவர் போய் ஒன்றேகால் வருடம் ஆகிறது. இப்போது எனக்கு மறுபடி ஐந்தாம் மாதம். அம்மாவின் பாஸ்போர்ட் முடியப்போகிறது. புது பாஸ்போர்ட்டில் புதிதாக விசா கேட்டால் பழைய விஷயம் தெரியாதல்லவா? கேட்டால், உடம்பு முடியாமல் தங்கிவிட்டார் என்று சொல்லலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நியூஜெர்சி

பதில்: தெரியும். பாஸ்போர்ட் மாறினால் நம்பர்தான் மாறும், அம்மாவின் கைரேகை மாறாது. வந்த தேதியும் போன தேதியும் அவர்கள் கணக்கில் இருக்கின்றன.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விசாவில் இருக்கும் பத்து வருடம், வாசலுக்கு வந்து நிற்பதற்கான காலம். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை, நுழையும்போது பதியும் ஐ-94 என்ற அனுமதிக் குறிப்புதான் சொல்லும். அந்தத் தேதியைத் தாண்டித் தங்கியதுமே அந்த விசா செல்லாமல் போய்விட்டது. கெடு முடிந்த பிறகும் 180 நாளுக்கு மேல் தங்கி ஒரு வருடத்துக்குள் கிளம்பியவர்களுக்கு, கிளம்பிய நாளிலிருந்து மூன்று வருடம் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம். 1996-ல் வந்த சட்டம் இது. ஏழு மாதம் என்றால் ஏறக்குறைய 210 நாள். அம்மாவுக்கு இன்னும் ஒன்றேமுக்கால் வருடம் பாக்கி இருக்கிறது. தடைக்காலத்திலேயே விலக்கு கேட்க ஒரு வழி உண்டு, ஆனால் அதற்கு நேர்காணல் செய்யும் அதிகாரி பரிந்துரைக்க மனம் வைக்க வேண்டும். நான்கு மாதத்தில் பிரசவத்தை வைத்துக்கொண்டு அதை நம்பி இருக்காதீர்கள். வேறு துணைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

இனி அந்த அலமாரிக்கு வருகிறேன். அம்மா மேல் தப்பில்லை என்று காட்டத்தான் அதை எழுதினீர்கள். தப்பு யார் மேல் என்பதும் அதிலேயே இருக்கிறது. புடவையும் துணியும் எடுக்க அந்தக் கதவை ஏழு மாதத்தில் எத்தனை முறை திறந்திருப்பீர்கள்? கெடு முடிவதற்குள் ஒரு படிவம் போட்டு நீட்டிப்பு கேட்டிருக்கலாம். ஐ-539 என்று பெயர், வீட்டில் உட்கார்ந்தே போடலாம். 'கெடு முடிந்து ஏழு மாதம்' என்று இன்று கணக்காக எழுதத் தெரிகிற உங்களுக்கு அன்று அது தெரியவில்லை என்பதை நான் நம்பவில்லை. தெரிந்திருந்தது, அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் கிளம்பியிருப்பார், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்திருக்காது.

பிரசவத்துக்குத் தாயைக் கூப்பிடுவதில் தவறே இல்லை, பெற்றவள் வராமல் வேறு யார் வருவார்கள்? ஆனால் பிள்ளை வீட்டுக்கு வந்த தாயின் பாஸ்போர்ட் தாயின் கைப்பையில் இருக்க வேண்டும். என்றைக்குக் கிளம்ப வேண்டும் என்பது அவர் வாயால் சொல்லத் தெரிய வேண்டும். நீங்கள் வேலைக்குப் போனீர்கள், அவர் பேரனோ பேத்தியோடு அந்த வீட்டுக்குள் இருந்தார். உங்கள் வேலைக்கு ஒரு கீறல் விழவில்லை. தடை விழுந்தது அவர் பெயரில். இப்படி எனக்கு வரும் கடிதங்களை மகளோ மகனோதான் எழுதுகிறார்கள், தங்கவைக்கப்பட்ட தாய் எழுதி நான் பார்த்ததில்லை.

இதற்கு மேல் அவரை நோயாளியாக்கிப் பொய் சொல்ல வைக்கப் பார்க்கிறீர்களே, நியாயமா? விசாவுக்காகத் தெரிந்தே பொய் சொன்னதாக அதிகாரி எழுதிவிட்டால் அது மூன்று வருடத்தோடு முடியாது, ஆயுளுக்கும் தொடரும். கண்ணாடித் தடுப்புக்கு முன்னால், நீங்கள் போனில் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்துக்கொண்டு தனியாக நிற்கப்போவது அவர்தான்.

அம்மாவுக்குப் போன் போடுங்கள். நடந்ததை, உங்கள் பங்கு உட்பட, சொல்லுங்கள். மறுபடி வர விருப்பமா என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அது ஒரு வரிகூட இல்லை. வருகிறேன் என்றால், மூன்று வருடம் முடிந்த பிறகு டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்புங்கள். அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியதுண்டா என்று அதில் ஒரு கேள்வி வரும். அதைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். 'ஆம்' என்று அவர் சொல்லட்டும், காரணத்தையும் அவரே சொல்லட்டும். படிவம் நிரப்ப உதவியது யார் என்றும் கேட்பார்கள். அங்கே உங்கள் பெயரை எழுதுங்கள்.