ஷாக் வேவ் என்றால் கரண்ட் ஷாக்கா?

கேள்வி: எனக்கு 46 வயது. குதிகாலுக்கு இரண்டு அங்குலம் மேலே, பின்பக்கத் தசைநாணில் எட்டு மாதமாக வலி. காலையில் முதல் அடி வைப்பதே பெரும்பாடு. ஓய்வு, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது ‘ஷாக் வேவ் தெரபி’ எடுக்கச் சொல்கிறார்கள். கரண்ட் வைப்பார்களா? ஒரே தடவையில் சரியாகிவிடுமா?

பதில்: பெயரைக் கேட்டுப் பலரும் இப்படித்தான் மிரள்கிறார்கள். உடம்பில் கரண்ட் பாய்ச்சுவதில்லை. தோலில் ஜெல் தடவி, கைக்கருவி வழியாக அழுத்த அலைகளை உள்ளே அனுப்புவார்கள். 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் சிறுநீரகக் கல்லை உடைக்கப் பயன்படுத்திய அதே தத்துவம்தான், அலையின் வீரியம் மட்டும் குறைவு. உங்கள் காலில் உடைக்க எதுவும் இல்லை. ஆறாமல் பாதியில் நின்றுபோன தசைநாணைக் கொஞ்சம் சீண்டிவிட்டு, உடம்பை மறுபடி பழுதுபார்க்க வைப்பதே நோக்கம். வலியைச் சொல்லும் நரம்பு முனைகளும் சற்று மந்தமாகும்.

வலிக்குமா? வலிக்கும், தாங்கக்கூடிய வலிதான். ஒரு அமர்வு பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் அந்த அலை 2,000 முறை வரை தட்டும். வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து அமர்வுகள் வழக்கம். அன்றிரவு தோல் சிவந்து, வலி கூடினால் பதற வேண்டாம். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகும். மூன்றாம் அமர்விலேயே "ஒன்றும் தெரியவில்லையே" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இயந்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலை இறக்குங்கள். 15 தடவை வீதம் மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். லேசான வலியோடு செய்யலாம். என்னைக் கேட்டால் இதுதான் முதல் மருந்து, ஷாக் வேவ் அதற்குத் துணை. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே பலன் கூடுதல்.

அப்புறம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டு ஆறு வாரம்கூட ஆகவில்லையா? முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம். வலி ஒருநாள் ‘டப்’பென்ற சத்தத்தோடு தொடங்கி, அதன்பின் நுனிக்காலில் நிற்க முடியாமல் போயிருந்தால், நாண் அறுந்திருக்கலாம். அப்படியென்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் மற்றதெல்லாம்.