ஃப்ரீசரில் ஐஸ் உறைகிறது, கீழே குளிரவில்லை: கேஸ் நிரப்பத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் டபுள் டோர் ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃப்ரிட்ஜுக்கு ஆறு வயது ஆகிறது. மேலே ஃப்ரீசரில் ஐஸ் உறைகிறது. ஆனால் இரண்டு வாரமாகக் கீழ்த்தட்டில் வைக்கும் பால் மறுநாளே திரிந்துவிடுகிறது. காய்கறி டிரேக்கு அடியில் தண்ணீரும் தேங்குகிறது. பார்க்க வந்த மெக்கானிக், "கேஸ் போயிடுச்சு, நிரப்பணும்" என்கிறார். நிரப்பிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள், முக்கியமாக அந்தத் தண்ணீர், கேஸைவிட டிஃப்ராஸ்ட் கோளாறைத்தான், அதாவது உள்ளே படியும் பனியைத் தானாகக் கரைக்கும் ஏற்பாட்டில் உள்ள கோளாறைத்தான் காட்டுகின்றன. ஃப்ரீசருக்குள் இருக்கும் பின்சுவர் பேனலைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் கேஸ் நிரப்பச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வகை ஃப்ரிட்ஜில் குளிரை உண்டாக்கும் காயில் பெரும்பாலும் ஒன்றுதான். ஃப்ரீசரின் பின்சுவரில் தெரியும் பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால் அது இருக்கிறது. கீழ்ப்பகுதிக்கென்று தனிக் காயில் கிடையாது. காயிலுக்கு மேலே உள்ள சிறிய ஃபேன் குளிர்காற்றை ஃப்ரீசருக்குள் தள்ளும். அதில் ஒரு பங்கு டக்ட் என்னும் காற்றுப்பாதை வழியாகக் கீழே இறங்கும். கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே வரும் ஈரம் காயிலில் பனியாகப் படியும். அதைக் கரைக்கக் காயிலோடு ஒட்டியே ஒரு ஹீட்டர் உண்டு. பழைய மாடல்களில் கம்ப்ரஸர் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஓடி முடிந்ததும் டைமர் இந்த ஹீட்டரை அரை மணி நேரம் வரை போடும். புது மாடல்களில் இந்த வேலையை எலக்ட்ரானிக் கன்ட்ரோல் போர்டு பார்த்துக்கொள்கிறது. ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் பனி கரையாமல் மேலும் மேலும் படிந்து, காயிலின் இடுக்குகளை அடைத்துவிடும். காயில் குளிராகத்தான் இருக்கும், ஆனால் காற்று போக வழி இருக்காது. தூரத்தில் இருக்கும் கீழ்ப்பகுதிதான் முதலில் பாதிக்கப்படும். நாள் போகப்போக ஃப்ரீசரும் தளரும்.

"ஐஸ் உறைகிறதே, அப்படியானால் கேஸ் இருக்கிறது" என்று உடனே முடிவு கட்டவும் முடியாது. மைனஸ் 5 டிகிரியிலேயே தண்ணீர் உறைந்துவிடும். ஃப்ரீசர் இருக்க வேண்டியதோ மைனஸ் 18. அதனால் அளந்து பாருங்கள். ஒரு தெர்மாமீட்டரை உறைந்த பொட்டலங்களுக்கு நடுவில் செருகி வையுங்கள். இன்னொன்றைக் கீழ்ப்பகுதியின் நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் போட்டு, இரவு முழுக்க விட்டு, காலையில் கதவைத் திறந்ததும் படியுங்கள். கீழே 3 முதல் 5 டிகிரி இருந்தால் சரி. காற்றில் வைத்து அளந்தால் கதவைத் திறந்த மறுகணமே எண் ஏறிவிடும், அதற்காகத்தான் தண்ணீர்.

அடுத்தது ஃபேன். கதவு திறந்திருக்கும்போது பல மாடல்களில் ஃபேன் நின்றுவிடும். அதனால் கதவைத் திறந்து, சட்டத்தில் இருக்கும் டோர் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காது கொடுங்கள். சீரான காற்றுச் சத்தம் கேட்டால் ஃபேன் ஓடுகிறது. 'சரக் சரக்' என்று உரசினால் இறக்கை பனிக்கட்டியில் தட்டுகிறது. கம்ப்ரஸர் ஓடும்போதும் ஃபேன் சத்தமே இல்லையென்றால் மோட்டார் போயிருக்கலாம், அல்லது பனியில் இறுகியிருக்கலாம். அப்படியே கீழ்ப்பகுதியின் காற்றுத் துளைகளையும் பாருங்கள். பெரிய பாத்திரத்தைத் துளையை ஒட்டி வைத்தாலே கீழே குளிர் பாதியாகிவிடும்.

இப்போது முக்கியமான சோதனை. இதற்குச் செலவு கிடையாது, பொறுமை மட்டும் வேண்டும். பொருட்களை வேறிடத்துக்கு மாற்றி, பிளக்கைப் பிடுங்கி, இரு கதவுகளையும் திறந்தபடி 24 மணி நேரம் விடுங்கள். பழைய துண்டுகளைக் கீழே விரித்து வையுங்கள். நிறையத் தண்ணீர் வரும். பின்னால் கம்ப்ரஸருக்கு மேலே உள்ள தண்ணீர்த் தட்டும் நிரம்பி வழியலாம். பனியைச் சீக்கிரம் எடுக்கக் கத்தியோ கரண்டியோ வைத்து நோண்ட வேண்டாம். காயில் பெரும்பாலும் அலுமினியம். ஓட்டை விழுந்தால் இல்லாத கேஸ் பிரச்சினையை நாமே உண்டாக்கியதாகிவிடும். முழுக்க உலர்ந்தபின் போட்டு, ஒரு நாள் கழித்து அளந்து பாருங்கள்.

கீழ்ப்பகுதி பழையபடி 4 டிகிரிக்கு வந்து, சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் மறுபடி சூடேறினால், டிஃப்ராஸ்ட் பாகங்களில் ஏதோ ஒன்று செத்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மாதக்கணக்கில் பிரச்சினையே வரவில்லையென்றால் என்றோ ஒரு நாள் கதவு சரியாக மூடாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் விட்டும் குளிரே ஏறவில்லை என்றால் மட்டும் கம்ப்ரஸர், கேஸ் பக்கம் போகலாம்.

இரண்டாம் முறை பனி படிந்த பிறகு, கரைப்பதற்கு முன்னால், மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்த பேனலைக் கழற்றச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். பிளக் பிடுங்கியிருக்க வேண்டும். பனியின் தோற்றமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். காயில் முழுவதும் வெள்ளைச் சுவராகப் பனி மூடியிருந்தால் ஹீட்டர் சுற்றில் கோளாறு. மேல் பகுதி சுத்தமாக இருந்து, அடியில் மட்டும் கண்ணாடி போன்ற கட்டி ஐஸ் உட்கார்ந்திருந்தால் வடிகால் அடைப்பு. காயிலில் கேஸ் நுழையும் பக்கத்தில் ஒரு சில வளைவுகளில் மட்டும் பனி, மீதி வெறுமையாக இருக்கிறதா? அதுதான் கேஸ் குறைவின் அடையாளம். மெல்லிய பனி எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் காயிலைக் குறை சொல்லாதீர்கள். ஃபேனையும், கீழே காற்றைத் திறந்து மூடும் டேம்பரையும் பாருங்கள்.

ஹீட்டர் சுற்றில் சோதிக்க வேண்டியவை சில பாகங்கள்தான். ஹீட்டரை இணைப்பிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். 230 வோல்ட்டுக்கான 150 வாட் ஹீட்டர் என்றால் ஏறக்குறைய 350 ஓம், 200 வாட் என்றால் 265 ஓம் காட்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது. அதோடு தொடராக இருக்கும் தெர்மல் ஃப்யூஸ், அதாவது சூடு மிஞ்சினால் மின்சாரத்தை வெட்டும் ஃப்யூஸ், மீட்டரில் எப்போதும் தொடர்ச்சி (மின்சாரம் போக வழி இருப்பதை) காட்ட வேண்டும். அது ஒருமுறை வெட்டினால் மாற்றியே ஆக வேண்டும். நேரடியாகக் கம்பி போட்டு இணைக்க ஒருபோதும் அனுமதிக்காதீர்கள், ஹீட்டர் அணையாமல் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். காயில் குழாயில் மாட்டியிருக்கும் பைமெட்டல் என்னும் வெப்ப சுவிட்ச், உறைகுளிரில் மட்டுமே தொடர்ச்சி காட்டும். சாதாரண வெப்பத்தில் மீட்டர் வைத்துப் பார்த்து "போச்சு" என்று சொல்வது அடிக்கடி நடக்கிற தவறு. ஃப்ரீசரில் நன்றாக உறையவிட்டு, எடுத்த உடனே சோதிக்க வேண்டும். போர்டு உள்ள மாடல்களில் பைமெட்டலுக்குப் பதில் வெப்பத்தை அளக்கும் சென்சார் இருக்கும். அதைப் பனித்தண்ணீரில் முக்கினால் ஓம் சீராகக் கூட வேண்டும், தாவக் கூடாது. இவை எல்லாமே சரியாக இருந்தால்தான் டைமர் அல்லது போர்டு. போர்டை முதலில் மாற்றிப் பார்க்கும் பழக்கம் உங்கள் பணத்துக்குத்தான் கேடு.

இனி டிரேக்கு அடியில் தேங்கும் தண்ணீர். கரைந்த பனி, காயிலுக்குக் கீழே உள்ள விரல் நுழையாத சிறு துளை வழியாக ஒரு குழாயில் இறங்கிப் பின்பக்கத் தட்டுக்குப் போய், கம்ப்ரஸர் சூட்டில் ஆவியாக வேண்டும். துளை ஐஸாலோ அழுக்காலோ அடைத்தால் தண்ணீர் கசிந்து கீழ்ப்பகுதிக்குள் இறங்கும். பேனல் கழற்றியிருக்கும்போதே ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துத் துளையில் மெதுவாக விடுங்கள். பின்பக்கத் தட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை விட வேண்டும். பிடிவாதமான அடைப்புக்கு வளையும் நைலான் ஒயர் போதும். இரும்புக் கம்பி வேண்டாம்.

கதவு ரப்பரையும் விட்டுவிடாதீர்கள். ஈரம் அதிகமாக நுழைவது பெரும்பாலும் அங்கேதான். ஒரு தாளை ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்து மூடி இழுங்கள், நான்கு பக்கமும். இழுக்கும்போது பிடிப்பு தெரிய வேண்டும். வழுக்கி வந்தால் சோப்புத் தண்ணீரில் மடிப்புகளைத் துடைத்துவிட்டு, வளைந்த இடத்தில் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி நேராக்கிப் பாருங்கள். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பனியின் அடையாளத்தைப் பார்த்து உண்மையிலேயே கேஸ்தான் குறைந்திருக்கிறது என்று தெரிந்தால், வெறுமனே நிரப்பி அனுப்ப விடாதீர்கள். கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது, செலவாகித் தீராது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்து, ஃபில்டரை மாற்றி, வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்தபின், ஃப்ரிட்ஜின் லேபிளில் அச்சிட்டிருக்கும் கிராம் அளவைத் தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும். லேபிளில் ஆர்-600ஏ என்றிருந்தால் அது தீப்பிடிக்கும் வாயு. அளவு பல வீட்டு ஃப்ரிட்ஜ்களில் நூறு கிராமுக்கும் குறைவுதான். பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர் மாறும். வேக்யூம் பம்பும் தராசும் இல்லாமல் சிலிண்டரை மட்டும் தூக்கி வருபவரை அந்த வேலைக்கு விட வேண்டாம்.