ஒரே வீட்டு ப்ளூஸ்

கேள்வி: அண்ணன் தம்பி தங்கை சேர்ந்து வாசிக்கும் ஒரு ப்ளூஸ் ஆல்பம் கேட்டேன். பாதிப் பாட்டு ராக், மீதி ஃபங்க். இதை எப்படி ப்ளூஸ் என்கிறார்கள்?

பதில்: அடியில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். 12 பார்களுக்குள் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று) மூன்றே கார்டுகள் (chords, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) சுற்றிச் சுற்றி வந்தால் அது பெரும்பாலும் ப்ளூஸ்தான். அதன்மேல் கிதாரைக் கரகரக்க விட்டால் ராக் வாசனை வந்துவிடும், அது சுலபம். ஃபங்க்தான் கஷ்டம்: பேஸும் (கீழ் சுரங்களை வாசிக்கும் கிதார்) டிரம்ஸும் பாரின் முதல் அடியில் ஒன்றாக 'டும்' என்று இறங்கிவிட்டு, அப்புறம் எங்கே வாசிக்காமல் இருப்பது என்பதில் ஒத்துப்போக வேண்டும். சிறு வயதிலிருந்தே சேர்ந்து வாசித்தவர்களுக்கு அது கண்ணைப் பார்க்காமலே வந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

நீங்கள் கேட்டது போலவே, அமெரிக்காவின் மிசிசிப்பியில் டுபெலோ ஊரிலிருந்து ஹோம்மேட் ஜாம்ஸ் என்ற குழு வந்தது. அண்ணன் கிதார், தம்பி பேஸ், தங்கை டிரம்ஸ். முதல் ஆல்பம் 2008. அவர்களுடைய அப்பா கார் சைலன்சரை வைத்தே கிதார் செய்து கொடுத்தார், நிஜமாகத்தான்! அடுத்த முறை கேட்கும்போது பாடகரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள், எந்தப் பாட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சீக்கிரமே பிடிபட்டுவிடும்.