உடைந்த பழைய நகையைச் சரிசெய்து போடலாமா, கடையில் கொடுத்துப் புதிதாக மாற்றுவது நல்லதா?

கண்ணி விட்டு, கல் விழுந்த நகையை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். “பின்னமான, அதாவது உடைந்த நகையை வீட்டில் வைக்கக் கூடாது, கடையில் போட்டு மாற்றிவிடு” என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கடைக்காரரும் அதையே வேறு விதமாகச் சொல்லியிருப்பார். எனக்கு இரண்டும் நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

நான் செட்டிநாட்டுப் பள்ளத்தூர். என் அப்பத்தா எனக்குக் கொடுத்தது ஒரு கெம்பு அட்டிகை. ஐயா, அதாவது என் தாத்தா, ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் கடை வைத்திருந்தபோது வாங்கி வந்த கற்கள். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களிடம் மிஞ்சியது இதுபோல உடம்போடு வந்த சாமான்கள்தான். அப்படிப்பட்ட அட்டிகை, தம்பி மகன் கல்யாணத்தில் சேலை ஜரிகையில் மாட்டி இழுத்து இரண்டு கண்ணி விட்டது. மூன்று கல் விழுந்தது. மண்டபம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

காரைக்குடியில் ஒரு பெரிய கடைக்குக் கொண்டுபோனேன். எடை நாலே கால் பவுன், 34 கிராம். கல்லுக்கும் அரக்குக்கும் 9 கிராம் கழித்தார்கள். டச், அதாவது பொன்னின் சுத்தம், குறைவு என்று இன்னும் 2 கிராம். ஆக 23 கிராமுக்குக் கணக்கு. கல்லுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டேன். “பழைய கல்லுக்கு ஒன்றும் கிடையாது, வேணும்னா பேர்த்துத் தந்துடறோம்” என்றார் அந்தப் பையன். இத்தனைக்கும் பிறகு புதுசுக்குச் சேதாரம், செய்கூலி, அதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. அவர் கணக்கில் தப்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பொன்னை வாங்குகிறவருக்குப் பொன்தான் கணக்கு. ஆனால் எனக்கு அது பொன் மட்டும் இல்லையே. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கொப்புடையம்மன் கோயில் பக்கம் வீட்டிலேயே பட்டறை வைத்திருக்கும் வயதான ஆசாரி ஒருவரைச் சொன்னார்கள். அவர் அட்டிகையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் தகடு மூடிய கட்டு. நாலைந்து கல் கறுத்திருந்தது. “தண்ணியில போட்டீகளா ஆச்சி?” என்று கேட்டார். போட்டிருந்தேன். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்திருந்தேன். இந்த மாதிரிக் கட்டில் கல்லுக்கு அடியில் ஒளி எழும்ப மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். அதில் ஈரம் இறங்கினால் தகடு கறுத்து, கல்லே செத்தது போல ஆகிவிடுமாம். எத்தனை வருஷம் கல்லின் மேல் பழி போட்டிருக்கிறேன்!

கண்ணியை உடனே ஊதிப் பற்றவைத்துவிடலாம் என்று நினைத்தேன். “கல்ல எடுக்காம நெருப்பைக் காட்டுனா உள்ள இருக்கிற அரக்கு பொங்கிரும் ஆச்சி” என்றார். முத்து இருந்தால் அதையும் முதலில் கழற்றிவிட வேண்டும், சூடு தாங்காது. அவர் கல்லையெல்லாம் எடுத்து, அரக்கை இளக்கி வெளியே விட்டு, வெண்காரம் தொட்டு, பற்றவைக்கிற பொடி வைத்து ஊதினார். காட்மியம் கலந்த பொடி தொடுவதில்லையாம், அந்தப் புகை நெஞ்சுக்குக் கெடுதல். நான் பக்கத்திலேயே இருந்தேன். முதலில் ஒரு எடை, முடிந்ததும் ஒரு எடை, என் முன்னால்.

விழுந்த மூன்று கல்லுக்குப் புதுக் கல் வேண்டாம், நிறம் சேராது என்றார். பின்கழுத்துப் பக்கம் இரண்டு ஓரத்திலும் மூன்று மூன்று கண்ணியை எடுத்தார். அதிலிருந்த ஆறு கல்லில் மூன்று முன்பக்கக் கூட்டில் ஏறியது. இரண்டு என் மகளுக்குத் தோடு. ஒன்று மோதிரம். அட்டிகை குட்டையானது, பின்னால் பட்டுச் சரடும் குஞ்சமும் கட்டியாயிற்று. மிஞ்சிய 800 மில்லி பொன்னைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். கூலி ஆறாயிரத்துக்குள் முடிந்தது.

பின்னமானது ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கம் கழுத்திருவை, அதாவது எங்கள் கல்யாணத் தாலியை விட மங்கலமான நகை கிடையாது. அதையே மஞ்சள் கயிற்றில் கோத்து, கல்யாணம் முடிந்ததும் பெட்டகத்தில் வைத்து, அறுபது வயதுச் சாந்திக் கல்யாணத்துக்கு மறுபடி எடுத்துக் கோத்துப் போடுகிறோம். பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கிறோம். பிரித்துக் கோப்பது குற்றம் என்றால் எங்கள் வீடுகளில் யாரும் தாலியே கட்டியிருக்க முடியாது.

இதைப் படித்துவிட்டு “தங்கம் விற்கிற விலைக்கு உணர்ச்சி எதற்கு” என்று எழுதப் போகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியும். பிள்ளை படிப்புக்கோ வைத்தியத்துக்கோ விற்பவரை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் சரிசெய்யுங்கள் என்றும் சொல்லவில்லை. வெறும் சங்கிலி தேய்ந்து ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால் போட்டு மாற்றிவிடுங்கள், ஊதி ஊதி ஒட்டுவதில் பயனில்லை. பழைய நகையில் முத்திரை இல்லையே என்ற பயமும் வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் ஹெச்யூஐடி என்கிற முத்திரை எண் இல்லாமல் விற்கக் கூடாது என்பது கடைக்காரருக்குத்தான்.

எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் நகை மட்டும் இல்லை. போன வருஷம் எங்கள் பொது வீட்டு இரண்டாங்கட்டு அறையில் இருந்த மங்குச் சாமான், அதாவது பீங்கான் சாமான் அத்தனையையும் பங்காளிகள் இரண்டு பேர் காரைக்குடியில் பழைய சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் விற்றுவிட்டார்கள். எங்களுக்கும் பங்கு உண்டு. ஒரு போன் செய்து கேட்கவில்லை. அப்பத்தா பிள்ளையார் நோன்புக்கு எடுக்கும் நீல விளிம்பு வைத்த தட்டு அதில் இருந்தது. நானே அந்தத் தெருவில் மூன்று நாள் கடை கடையாகத் தேடினேன். இதைப் பற்றிக் கேட்டால், “உடைந்த சாமான் தானே” என்கிறார்கள்.

சரி, உங்கள் நகைக்கு வருகிறேன். கல்லின் பின்பக்கம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். மூடியிருந்தால் தண்ணீரில் போடாதீர்கள்.