மரப்பட்டைச் சாறு டிஎன்ஏவைக் காக்குமா? தில்லித் தமிழர்களின் கேள்விகள்

பதிலளிப்பவர்: உயிர்வேதியியல் ஆய்வகத்தில் பணிபுரியும் நம் உறுப்பினர்

கேள்வி (மயூர் விகார்): மருதம்பட்டைச் சாறு டிஎன்ஏவைக் காக்கிறதாமே, உண்மையா ஐயா?

பதில்: ஆய்வகத்தில் உண்மை. ஆனால் யாருடைய டிஎன்ஏ என்று கேளுங்கள். பெரும்பாலும் அது பாக்டீரியாவிலிருந்து எடுத்த பிளாஸ்மிட் என்னும் வட்ட டிஎன்ஏ. அதனுடன் இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்தால் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்னும், எதையும் வேகமாகத் தாக்கும் துகள் உருவாகி டிஎன்ஏவைத் தாக்கும். ஓர் இழை அறுந்தாலே பிளாஸ்மிட்டின் முறுக்கு தளர்ந்துவிடும். பிறகு அதை அகரோஸ் ஜெல் என்னும் கூழ்ப் பலகையில் வைத்து மின்சாரம் செலுத்துவோம். முறுக்குக் குலையாதது முன்னே ஓடும், தளர்ந்தது பின்தங்கும். சாறு கலந்த குழாயில் முன்னே ஓடியது கூடுதலாக இருந்தால் 'காத்தது' என்று எழுதிவிடுவார்கள்.

எனக்கு இங்கேதான் சந்தேகம். பட்டையிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொள்ளும். இரும்பு சிக்கிக்கொண்டால் ராடிக்கல் உருவாவதே குறையும். தாக்குதலே சரியாக நடக்காத இடத்தில் பாதுகாப்பு என்று எதைச் சொல்வது? இரும்பில்லாமல், புற ஊதாக் கதிரால் பெராக்சைடைச் சிதைத்தும் சோதித்திருந்தால் நம்பிக்கை கூடும். அப்போதும் குடித்த கஷாயம் குடலைக் கடந்து செல்லுக்குள் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது தனிக் கேள்வி.

கேள்வி (முனிர்க்கா, முதுகலை மாணவி): டிபிபிஎச் சோதனையில் ஐசி50 குறைந்தால் நல்லதுதானே?

பதில்: ஆம். டிபிபிஎச் என்னும் ராடிக்கலின் ஊதாக் கரைசல், சாறு பட்டு மஞ்சளாக வெளிறுவதை 517 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறீர்கள். பாதி ராடிக்கலை அடக்கத் தேவையான சாற்றின் அளவுதான் ஐசி50; குறைந்த சாறே போதுமென்றால் வீரியம் அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க அஸ்கார்பிக் அமிலத்தையும் (வைட்டமின் சி) உடன் வைத்து அளந்துவிடுங்கள் அம்மா. மெத்தனாலில் இறக்கிய சாற்றில் கிடைத்த எண்ணை வீட்டுக் கஷாயத்துக்குப் பொருத்த வேண்டாம்.

கேள்வி (கரோல் பாக்): காரி பாவ்லி மசாலாச் சந்தையில் வாங்கிய அசோகப்பட்டை அசல்தானா?

பதில்: காய்ந்த துண்டைப் பார்த்து நான் சொல்ல மாட்டேன். நெட்டிலிங்கப் பட்டையை அசோகப்பட்டையாக விற்பது பழைய கலப்படம். மரம் எது என்றே தெரியாதபோது, அதன் ஆக்ஸிஜனேற்றத் தடுப்புத் திறனை, அதாவது ராடிக்கலை அடக்கும் திறனைப் பேசி என்ன பயன்?

கேள்வி: ஜன்பத் சாலை மருத மரங்களில் கொஞ்சம் உரித்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. சுற்றி உரித்தால் மரம் பட்டுப்போகும். 1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. போதாததற்கு அந்தச் சாலையின் வண்டிப் புகை வேறு பட்டையில் படிந்திருக்கும்!

கேள்வி (ஆர்.கே.புரம்): ரத்தசோகையுள்ள என் தாயாருக்கு இரும்பு மாத்திரையோடு மருதம்பட்டைக் கஷாயம் கொடுக்கலாமா?

பதில்: சேர்த்துக் கொடுக்காதீர்கள். சோதனைக் குழாயில் இரும்பைப் பிடித்த அதே டானின் குடலிலும் பிடிக்கும். மாத்திரையின் பலன் குறையும். இதயத்துக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுக்கிறார் என்றால், மருத்துவரைக் கேட்காமல் கஷாயத்தைத் தொடங்கவே வேண்டாம்.