கார்டு (chord) மாறும்போது சாக்ஸபோனில் சொந்தமாக வாசிப்பது எப்படி?

ஸ்கேல் (சுர வரிசை) எல்லாம் கைக்கு வந்துவிட்டது, ஆனால் பின்னணியில் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு, மாறியதும் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை என்கிறீர்கள். ஸ்கேலை இன்னும் வேகமாக ஓட்டினால் இது தீராது.

சாக்ஸபோனில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். அதனால் கார்டின் குணத்தைக் காட்டிக்கொடுக்கும் மூன்றாவது, ஏழாவது சுரங்களை (கார்டுக்குப் பெயர் தரும் சுரத்தை ஒன்று என்று வைத்து ஸ்கேலில் எண்ணினால் வருபவை) முதலில் பிடியுங்கள். டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற வரிசையை எடுத்துக்கொள்வோம். டி மைனர் 7-இன் ஏழாவது சுரம் சி. ஜி 7 வரும்போது அது அரைச்சுரம் இறங்கி, அந்தக் கார்டின் மூன்றாவதான பி ஆகிறது. அப்புறம் ஜி 7-இன் ஏழாவதான எஃப், அதேபோல அரைச்சுரம் இறங்கி சி மேஜரின் ஈ-யில் வந்து உட்காருகிறது. இதை மட்டும் நீட்டி, மெதுவாக, மாற்றம் விழும் முதல் தட்டிலேயே வாசித்துப் பாருங்கள். பின்னணி இசையே இல்லாமல் கார்டு மாறுவது காதில் கேட்கும். முதல்முறை அது கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மேலே சொன்னவை பியானோவின் பெயர்கள். சாக்ஸபோனில் அதே ஒலிக்கு வேறு பெயர். ஆல்டோ சாக்ஸபோனில் இதே வரிசை பி மைனர் 7, ஈ 7, ஏ மேஜர் 7. டெனர் சாக்ஸபோனில் ஈ மைனர் 7, ஏ 7, டி மேஜர் 7.

சரி, அந்தச் சுரங்கள் பிடிபட்டதும் அவற்றுக்கு நடுவே மற்றவற்றை நிரப்பலாம். ஆனால் விரலுக்கு முன் வாய். ஒரு வரியைப் பாடிவிட்டு, அதைக் கருவியில் தேடுங்கள். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் வாசித்த சோலோ (தனி வாசிப்பு) ஒன்றில் நான்கே பார்களை (தாளச் சுற்றுகளை) காதால் கேட்டு எடுங்கள். எந்தச் சுரத்தில் எப்போது இறங்குகிறார் என்று கவனியுங்கள்.